'சூழலுக்கு உகந்தது' என்று லேபிள் போட்ட உடைகளை வாங்கினால் உண்மையில் பயன் உண்டா?

கொஞ்சம் உண்டு. ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை. நான் இப்போது லேபிளை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். இதை எத்தனை வருஷம் உடுத்துவேன் என்ற கேள்விதான் முதலில்.

'மறுசுழற்சி பாலியஸ்டர்' என்று படித்ததும் யாரோ போட்டுக் கழித்த சட்டைதான் புதுச் சட்டையாகி வந்திருக்கிறது என்று தோன்றும். பெரும்பாலும் அது பழைய பிளாஸ்டிக் பாட்டில். பாட்டிலை உருக்கித் திரும்பவும் பாட்டிலாக்கலாம், அதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. சட்டையாகிவிட்டால் அநேகமாக அதோடு சரி, அடுத்தது குப்பைமேடுதான். துவைக்கும்போது நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் உதிர்வதும் புதுப் பாலியஸ்டரைப் போலவேதான்.

உடையிலிருந்து ஏன் உடை வருவதில்லை? பருத்தியும் பாலியஸ்டரும் கலந்து நெய்த துணியில் இரண்டையும் பிரித்தெடுப்பது பெரும்பாடு. இழுபடுவதற்காகக் கொஞ்சம் எலாஸ்டேன் சேர்த்திருந்தால் இன்னும் சிக்கல். சுத்தப் பருத்தியாகவே இருந்தாலும், இயந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்கும்போது இழை குட்டையாகிவிடும். புதுப் பஞ்சு கலக்காமல் உறுதியான நூல் வராது. அதனால் பழைய துணி பெரும்பாலும் துடைக்கும் துணியாகவோ மெத்தைக்குள் அடைக்கவோதான் போகிறது. உடைக்காகப் பயன்படும் மூலப்பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே மறுபடி உடையாகிறது என்று பொருள்களின் மறுபயன்பாட்டை வலியுறுத்தும் எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-ல் ஓர் அறிக்கையில் கணக்கிட்டது.

ஆர்கானிக் பருத்தி? செயற்கைப் பூச்சிமருந்து இல்லை என்பது நல்ல விஷயம்தான். ஆனால் விளைச்சல் பொதுவாகக் குறைவு, அதனால் அதே பஞ்சுக்குக் கூடுதல் நிலம் வேண்டும். தண்ணீரும் வேண்டும். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் என்று எல்லோரும் சொல்வார்களே, அதில் மழைநீரும் அடக்கம். ஆகவே வயல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து பாதிப்பு மாறும். மத்திய ஆசியாவில் ஏரல் கடல் என்ற பெரிய ஏரி வற்றியது, முக்கியமாகப் பருத்திக்காக ஆறுகளைத் திருப்பிவிட்டதால்தான். அப்புறம், 'ஆர்கானிக் பருத்தி' என்ற இரண்டு சொல் பஞ்சைப் பற்றித்தான் பேசுகிறது. சாயப்பட்டறையில் தண்ணீரைக் கொதிக்க வைத்தது நிலக்கரியா, கழிவுநீர் எங்கே போனது என்பதெல்லாம் அதில் தெரியாது.

இதையெல்லாம் விட என்னை உறுத்துவது எண்ணிக்கை. 2000 முதல் 2015 வரை உடை உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானது. ஓர் உடையை உடுத்தும் தடவைகளோ சுமார் 36 சதவீதம் குறைந்தன. இதுவும் அந்த அறக்கட்டளையின் அதே அறிக்கையில் உள்ள கணக்கு. ஒரு நிறுவனம் சட்டைக்குச் சட்டை பாதிப்பை 20 சதவீதம் குறைத்துவிட்டு, விற்பனையை 50 சதவீதம் கூட்டினால் மொத்தப் பாதிப்பு 20 சதவீதம் ஏறியிருக்கும். லேபிளில் இது வராது.

எனவே வாங்கியே ஆக வேண்டுமென்றால் கலப்பில்லாத துணி, கெட்டித் தையல், பிரித்துப் பெரிதாக்க உள்ளே கொஞ்சம் துணி விட்டிருப்பது, இவற்றைப் பாருங்கள். கையில் காசில்லாமல் மலிவான சட்டை எடுத்து அது நையும்வரை போடுபவரை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. மாதாமாதம் 'பசுமை' உடை வாங்குபவரைவிட அவரால் வரும் கேடு குறைவாகத்தான் இருக்கும்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்றால், ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த விதி, விற்காமல் தேங்கிய உடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதைத் தடுக்கிறது. எத்தனை உடை தைக்கலாம் என்பதற்கு அதில் வரம்பு எதுவும் இல்லை.