ஜாஸ் வாசிக்கத் தனி கிட்டார் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது டெலிகாஸ்டர் என்னும், உள்ளே வெற்றிடமில்லாத மரக்கட்டை உடல் கொண்ட மின் கிட்டார். ஜாஸ் கற்றுக்கொள்ள, உள்ளே வெற்றிடம் கொண்ட ஆர்ச்டாப் கிட்டார்தான் வேண்டும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர் ஒருவர்

பதில்: வேண்டியதில்லை. ஆர்ச்டாப்புக்கும் ஜாஸுக்குமான உறவு, ஊதுகருவிகள் நிறைந்த பெரிய இசைக்குழுக்களில், மின்பெருக்கி இல்லாத காலத்தில், தாளத்துக்குத் துணைநின்ற கிட்டாரின் ஓசை சற்றேனும் காதில் விழ வேண்டும் என்ற தேவையால் உண்டானது. கிப்சன் நிறுவனம் 1936-இல் அறிமுகப்படுத்திய இஎஸ்-150 என்னும் மின் ஆர்ச்டாப்பைக் கொண்டு, 1939-இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், சாக்ஸஃபோனுக்கு இணையாகத் தனிவாசிப்பு நிகழ்த்திக் காட்டிய பிறகு, அந்த உருண்டு திரண்ட தொனியே ஜாஸ் கிட்டாரின் அடையாளமாக நிலைத்துவிட்டது.

ஆனால், கனடாவின் ஜாஸ் கிட்டார் கலைஞர் எட் பிக்கர்ட் அத்தகைய இதமான தொனியை உங்களிடம் இருக்கும் அதே டெலிகாஸ்டரில்தான் எடுத்தார். ஜாஸ் கலைஞர்களை மனத்தில் கொண்டு ஃபெண்டர் நிறுவனம் 1958-இல் வெளியிட்ட ஜாஸ்மாஸ்டர் கிட்டாரையோ அவர்கள் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. கடலலைச் சறுக்கு விளையாட்டையொட்டி எழுந்த சர்ஃப் ராக் இசைக்காரர்களே அதை விரும்பி வாங்கினார்கள் என்பது வேடிக்கை.

கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்) மட்டும் இயக்கி, டோன் குமிழைப் பாதியளவு குறைத்து, சற்றுத் தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளை (தட்டையான உலோக நாடா சுற்றிய வழவழப்பான கம்பிகள்) மாட்டி வாசித்துப் பாருங்கள். தடித்த கம்பிகளின் இழுவிசையால் கழுத்து சிறிது வளையக்கூடும். அப்போது கழுத்தின் உள்ளே வளைவைச் சீராக்க உதவும் ட்ரஸ் ராடு என்னும் உலோகக் கம்பியைச் சரிசெய்தால் போதும்.