12 அடி முட்டுச்சந்து, கடைசி வீட்டில் பனியன் யூனிட்: கேட் போட்டுப் பூட்டலாமா?

கேள்வி: திருப்பூரில் 12 அடி அகல முட்டுச்சந்து ஒன்றில் ஆறு வீடுகள் இருக்கின்றன. எல்லோருக்கும் வாசல் சந்தில்தான். இவை தவிர, கடைசி மனையில் இருந்த வீட்டை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாடகைக்கு எடுத்து, செக்கிங், அயனிங் யூனிட் ஆக்கிவிட்டார்கள். டாடா ஏஸ் வண்டி ராத்திரி பதினொரு மணிக்குக்கூட வருகிறது. பண்டல்களைச் சந்திலேயே இறக்கி அடுக்குகிறார்கள். கேட்டால், "சந்து எல்லாருக்கும் பொது" என்கிறார்கள். சந்து முனையில் கேட் போட்டு இரவில் பூட்டலாமா? தொழிலை மூடச் சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எங்கள் ஆறு வீட்டிலும் யாராவது ஒருவர் பனியன் கம்பெனி வேலைக்குத்தான் போகிறார்.

பதில்: இப்போதைக்குக் கேட் வேண்டாம். சந்து மாநகராட்சியுடையது என்றால் கேட் போடுவது பொதுத்தெருவில் செய்யும் ஆக்கிரமிப்பு. ஆறு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. தனியார் நிலம் என்றால், அதில் பாத்தியம் (உரிமை) உள்ள எல்லோரும் சம்மதிக்க வேண்டும்; கடைசி மனைக்காரரும் அவர்களில் ஒருவர். இன்னொன்றும் இருக்கிறது. முட்டுச்சந்தில் கடைசிக் கட்டடத்துக்கு வெளியேற வேறு வழியில்லை. உள்ளே துணி பண்டல், அயன் பாக்ஸ், இரவு வேலை செய்யும் ஆட்கள். பூட்டிய நேரத்தில் தீப்பிடித்தால் பொறுப்பு பூட்டியவர் மேல்தான் வரும்.

பெரும்பாலானவர்கள் முதலில் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டுப் போலீஸ்காரர்கள் போய்விடுவார்கள். அடுத்த வாரம் அதே கதை. சந்து யாருடையது, அதில் யாருக்கு எந்த அளவு உரிமை என்பது தெரியாமல் எந்த அலுவலகத்திலும் உருப்படியான பதில் கிடைக்காது. அதனால் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும் எடுங்கள். இரண்டையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். சந்துக்குத் தனி சர்வே எண் இருந்து, அது தெரு அல்லது புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் அது பொதுத்தெரு. சந்து உங்கள் மனைகளின் சர்வே எண்ணுக்குள்ளேயே அடங்கியிருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போங்கள். மனைப்பிரிவு அங்கீகரிக்கப்பட்டதா என்று மாநகராட்சியிலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. "அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றிட்ட நகல், சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக ஒப்படைத்த பத்திரத்தின் நகல்" என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "சந்து பற்றிய விவரம்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவாக இருந்து 2017-ம் ஆண்டு விதிகளின்படி வரன்முறை செய்திருந்தால், அந்த உத்தரவோடு இருக்கும் வரைபடத்தையும் கேளுங்கள். மாநகராட்சி தெருவிளக்கும் சாக்கடையும் போட்டிருப்பது நல்ல சாட்சியம்தான்; ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்துச் சந்து பொதுத்தெரு என்று முடிவுகட்டிவிட முடியாது.

அதன் பிறகு பத்திரங்கள். உங்களுடையது மட்டும் போதாது. ஆறு வீட்டுப் பத்திரங்களும், எல்லா மனைகளும் எதிலிருந்து பிரிந்தனவோ அந்த மூலப்பத்திரமும் வேண்டும். வில்லங்கச் சான்று போட்டால் கடைசி மனையின் பத்திர எண் கிடைக்கும். அதைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். செக்குபந்தியையும் (நான்கு எல்லை விவரம்) அதற்குக் கீழே வரும் பாத்திய வரிகளையும் ஒரு சொல் விடாமல் படியுங்கள். "வழிநடை பாத்தியம்" என்று இருப்பதற்கும், "ஆள், கால்நடை, வண்டி வாகனங்கள் சென்று வரும் மாமூல் தட பாத்தியம்" என்று இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் (அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள வழி போன்ற உரிமைகளுக்கான சட்டம்) 28-வது பிரிவு, ஒரு வகை வழியுரிமைக்குள் இன்னொரு வகை வழியுரிமை அடங்காது என்கிறது. நடக்க மட்டும் உரிமை பெற்றவர் வண்டியை ஓட்டிவர முடியாது.

29-வது பிரிவு உங்களுக்கு இன்னும் முக்கியம். தன் கட்டடத்தை மாற்றியதாலோ கூட்டிக் கட்டியதாலோ ஒருவர் தன் வழியுரிமையின் பாரத்தைக் கணிசமாக ஏற்றிவிட முடியாது. ஒரு குடும்பம் போய்வர எழுதிய பாதையில் தினமும் நாலு நடை சரக்கு வண்டி ஓட்டுவதை எதிர்க்கக் கையில் இருக்கும் வாதம் இதுதான். ஆனால் இது அடுத்தவர் நிலத்தில் இருக்கும் பாத்தியத்துக்குப் பொருந்தும். சந்தே எல்லா மனைக்காரர்களுக்கும் கூட்டாகச் சொந்தம் என்று பத்திரம் சொன்னால், கடைசி மனைக்காரரும் உங்களுக்குச் சமமான பங்காளி. அப்போது கேள்வி, அவருடைய உபயோகம் மற்ற பங்காளிகளின் உபயோகத்தைத் தடுக்கிறதா என்பது மட்டும்தான். வண்டி வந்துபோவது தடுப்பு ஆகாது. பண்டல் அடுக்கி வைப்பது தடுப்பு.

பத்திரத்தில் எதுவுமே இல்லை, ஆனால் பல காலமாக வண்டி வருகிறது என்றால், அதனால் வழியுரிமை உண்டாக 20 ஆண்டு இடைவிடாத அனுபவம் வேண்டும். அரசு நிலத்துக்கு 30 ஆண்டு. அந்தக் காலம் வழக்குப் போடும் தேதிக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிவதாகவும் இருக்க வேண்டும். ஆகவே இரண்டு வருட யூனிட்டுக்கு இந்த வழியில் சரக்கு வண்டி உரிமை வளர்ந்திருக்காது. உங்கள் அனுமதியோடு ஓட்டினால் எத்தனை ஆண்டானாலும் வளராது. எழுத்தில் அனுமதி கொடுப்பது விட்டுக்கொடுத்தது ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நிலைமை நேர்மாறு.

பத்திரம் தேடும் அதே வாரத்தில் ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு சந்தை அளந்துவிடுங்கள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும். 12 அடி என்பது பத்திரத்தில். தரையில் பெரும்பாலும் பத்தரைதான் மிஞ்சும். மீதியை உங்கள் வாசல் படி, கார் ஏறும் சரிவு, செப்டிக் டேங்க் மூடி, நிறுத்தி வைத்த பைக் எல்லாம் தின்றிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் போட்டோ எடுப்பது இவற்றைத்தான். புகார் கொடுப்பதற்கு முன் இவற்றை உள்ளே தள்ளிவிடுவது நல்லது.

அளவு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 12 அடி என்றால் 3.66 மீட்டர். டாடா ஏஸின் அகலம் 1.5 மீட்டர். சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் மிச்சம் இரண்டு மீட்டர். ஆம்புலன்ஸின் அகலமே கிட்டத்தட்ட அதுதான், கண்ணாடியை மடக்கினாலும் நுழையாது. படி ஒன்றரை அடி நீட்டியிருந்தால் ஆட்டோவே திணறும். அதாவது இந்தச் சந்தில் ஓடுகிற வண்டி பிரச்சினை இல்லை, நிற்கிற வண்டிதான் பிரச்சினை. பேச்சுவார்த்தையை இந்த இடத்தில் தொடங்கினால் யூனிட்காரருக்கும் மறுக்க வழியிருக்காது.

இனி மண்டலம். முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) உங்கள் சர்வே எண் முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகமா என்பதை உங்கள் பகுதியின் திட்டக் குழுமத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2019-ம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஒவ்வொரு மண்டலத்திலும் எந்தத் தொழில், எவ்வளவு பரப்பில், எத்தனை குதிரைத்திறன் மோட்டாரோடு நடக்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கின்றன. குடியிருப்பு மண்டலம் என்றாலே தொழில் கூடாது என்று நினைப்பது தவறு. சின்ன அளவுத் தொழிலுக்கு அங்கும் இடமுண்டு. ஆகவே யூனிட்டின் பரப்பும் மின்இணைப்பின் பளுவும் அந்த வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வரம்பைத் தாண்டியிருந்தாலோ, வீடு என்று அனுமதி வாங்கிய கட்டடத்தை அனுமதியில்லாமல் தொழிற்கூடமாக மாற்றியிருந்தாலோ, 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-வது பிரிவுகளில் நோட்டீஸ் கொடுக்கவும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் இருக்கிறது.

இந்த ஆயுதத்தை எடுக்கும் முன் யோசியுங்கள். நோட்டீஸ் போனால் கட்டட உரிமையாளர் அரசுக்கு மேல்முறையீடு செய்வார், காலம் நீளும், அதுவரை வண்டி வந்துகொண்டேதான் இருக்கும். ஆய்வுக்கு வருகிற அதிகாரியின் கண்ணில் உங்கள் வீட்டு அனுமதியில்லாத மாடியும் படும். வீட்டு மின்இணைப்பில் தொழில் நடந்தால் மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் போடுவார்கள். அதைப் புகாராகக் கொடுப்பவர்களும் உண்டு. யூனிட்காரருக்கு நஷ்டம் வரும், உங்கள் வாசல் காலியாகாது.

இரவுச் சத்தத்துக்குத் தனி வழி இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். வரம்பை 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் மீறினால்தான் பொதுவாகப் புகார் எடுபடும். ஆனால் இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறினால் அந்தக் கணக்கு வேண்டியதில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவில் அவசரம் தவிர ஹாரன் அடிப்பதே தடை. போன் ஆப்பில் அளந்த டெசிபலை யாரும் ஏற்கமாட்டார்கள். தேதி, நேரம், வண்டி எண் எழுதிய நோட்டும், நேரம் பதிவாகும் சிசிடிவி காட்சியும் போதும்.

எங்கள் கருத்தில், உங்கள் நிலைமைக்குப் பொருத்தமானது எழுத்து உடன்படிக்கைதான். வாடகைக்காரர் மட்டும் கையெழுத்துப் போட்டால் அவர் காலி செய்ததும் அது காகிதம். கட்டட உரிமையாளரும் கையெழுத்திட வேண்டும், வாடகை ஒப்பந்தத்திலும் அதே நிபந்தனைகள் ஏற வேண்டும். லாரி, ஐச்சர் மெயின் ரோட்டிலேயே நிற்க வேண்டும், அங்கிருந்து ரப்பர் சக்கரத் தள்ளுவண்டியில் சரக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள். சந்துக்குள் ஏஸ் அளவுக்கு மேல் வண்டி கூடாது. நேரம் காலை 10 முதல் 12, மாலை 3 முதல் 5 என்று வைத்தால் பள்ளி நேரமும் ஷிப்ட் நேரமும் தப்பும். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடியில் இரவு வண்டி தவிர்க்க முடியாது என்பார்கள், அது உண்மையும்கூட. மாதம் இத்தனை இரவு, முன்கூட்டியே தகவல், சந்து முனையில் இன்ஜினை நிறுத்தித் தள்ளுவண்டி என்று விதிவிலக்கையும் எழுதிவிடுங்கள். எழுதாத விதிவிலக்குதான் மூன்றாம் மாதத்தில் வழக்கமாகிவிடும். ஒரு தடவை நிற்பது 20 நிமிடம், ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக் கூடாது, பண்டல் நேராக உள்ளே போக வேண்டும். முட்டுச்சந்து என்பதால் ரிவர்சில் வந்து நேராக வெளியேறினால் ஆபத்து குறைவு. ரிவர்ஸ் வரும்போது பின்னால் ஒரு ஆள் நின்று வழிகாட்ட வேண்டும்.

சேதச் செலவையும் மறக்காதீர்கள். வீட்டுச் சாக்கடைத் தொட்டிகளின் மூடி பெரும்பாலும் நடைபாதைக்கான எல்.டி. (லைட் டியூட்டி) 2.5 டன் ரகம்; சரக்கு வண்டியின் சக்கரம் திரும்பத் திரும்ப ஏறினால் விளிம்பு பெயர்ந்துவிடும். எம்.டி. (மீடியம் டியூட்டி) 10 டன் ரகத்துக்கு மாற்றி, சட்டத்தைச் சுற்றிக் கான்கிரீட் போட வேண்டும். பேவர் கல் பதிப்பதென்றால் 60 மில்லிமீட்டர் போதாது, 80 வேண்டும். செலவில் பெரும்பங்கு யூனிட்டுக்கு என்பது நியாயம்தான். ஆனால் சந்து தனியார் நிலம் என்றால் அவரையே நேரடியாகப் போடவிடாதீர்கள். வசதியுரிமைச் சட்டம் 60-வது பிரிவின்படி, அனுமதி பெற்றவர் அதை நம்பித் தன் செலவில் நிரந்தர வேலை செய்துவிட்டால் அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. பணத்தைக் கூட்டுக் கணக்கில் வாங்கி, வீட்டுக்காரர்கள் பெயரில் வேலை செய்யுங்கள். "இது பராமரிப்புப் பங்கு; இதனால் எந்தப் பாத்தியமும் உண்டாகாது, ரத்து செய்யத்தக்க அனுமதி மட்டுமே" என்ற வரி கட்டாயம் வேண்டும். பொதுத்தெரு என்றால் இந்த வேலைகளை மாநகராட்சி மூலம்தான் செய்ய வேண்டும்.

எழுதியதற்கு வலு வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடாகப் பதிவு செய்யுங்கள். அந்தத் தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

பேச்சு முறிந்தால், பொதுத்தெருவில் அடைப்பு என்று காட்டி வருவாய்க் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-வது பிரிவில் மனுக் கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133 இதுதான். தனியார் பாதைத் தகராறு கைகலப்பு வரை போகும்போல இருந்தால் 166-வது பிரிவு, பழைய 147. உரிமையை முடிவாகத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்கும்போதே, சர்வேயரோடு அளக்க வக்கீல் ஆணையர் நியமிக்கும் மனுவையும் சேர்த்துப் போடுங்கள். ஆறு வீடும் தனித்தனியாக வழக்குப் போட வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஒழுங்கு 1, விதி 8-ன்படி நீதிமன்ற அனுமதியோடு ஒருவர் எல்லோருக்காகவும் நடத்தலாம்.