வெள்ளிக்கிழமையை விட்டுக் குடுக்காதேங்கோ

தங்கச்சி, உங்கடை கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சனான். அம்மாவின்ரை கெயார் விசாவில (பராமரிப்பு வேலைக்குக் குடுக்கிற விசா) வவுனியாவில இருந்து இங்கிலாந்துக்கு வந்து ரெண்டரை வருசம், ஏ லெவல் முடியப்போகுது, ஐடியில டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்புக்கு, அதுதான் ஒரு கம்பனியில சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே கம்பஸில டிகிரி முடிக்கிறதுக்கு, போடலாமோ, வேலையும் கம்பஸும் ஒண்டா இழுக்கேலுமோ, கொம்பியூட்டர் மொழியில பைத்தன் படிக்கிறதோ ஜாவா படிக்கிறதோ, எவ்வளவு சம்பளம், ஆக்கள் இதைக் குறைவா நினைப்பினமோ. இவ்வளவும் கேட்டிருக்கிறீங்கள்.

பைத்தன், ஜாவாவை விடுங்கோ. என்னை இன்டர்வியூவில ரெண்டைப் பற்றியும் ஒருத்தரும் கேக்கேல்லை. உள்ளுக்கை போன உடனை சீ ஷார்ப் எண்ட வேறொரு மொழியில தள்ளிவிட்டிச்சினம். சம்பளம் கம்பனிக்குக் கம்பனி வித்தியாசம், விளம்பரத்திலயே போட்டிருக்கும்.

விசாதான் முதல் அலுவல். இங்கிலாந்தில இந்தப் படிப்புக்கு அரசாங்க வழியால காசு வரவேணுமெண்டா வேலை செய்யிற உரிமை இருக்கவேணும், தொடங்கிற நாளுக்கு முதல் மூண்டு வருசம் இந்த நாட்டில வழமையா வசிச்சிருக்கவும் வேணும். விண்ணப்பிக்கிற நாள் இல்லை, தொடங்கிற நாள். வந்திறங்கின திகதியைப் பாத்து விரல்விட்டு எண்ணுங்கோ. ஒரு மாதம் குறைஞ்சாலும் குறைஞ்சதுதான். படிப்பு முடிய முதல் விசா முடியுமெண்டா அதையும் கேப்பினம். இன்னொண்டு, 18 தாண்டின பிள்ளை அம்மாவின்ரை விசாவோட நீட்டேக்கை "இவர் தனிச்சு வாழத் தொடங்கிட்டாரோ" எண்டு பாப்பினம். ஆகவே சம்பளம் வருது எண்டு வேற ஊருக்குத் தனி அறை எடுத்துப் போக முதல், ஒழுங்கான சட்டத்தரணி ஒருத்தரிட்டைக் கேளுங்கோ. லண்டன் ஹரோவில கடைக்கு மேல இருந்துகொண்டு விசாப் படிவம் நிரப்பிக் குடுக்கிற ஆக்களிட்டை இல்லை. அவை எங்கடை அப்பாவின்ரை கேஸை என்ன பாடு படுத்தினவை எண்டு எழுத வெளிக்கிட்டா விடிஞ்சிடும். மாணவர் விசாவில வந்து நிக்கிற பெடியளும் "இதுக்கு மாறலாமோ" எண்டு என்னட்டைக் கேக்கிறவை. மாறேலாது. அப்பிடி மாத்தித்தாறன் எண்டு எவனாவது காசு கேட்டா அவன் கள்ளன்.

இனி வேலையும் படிப்பும். அங்கதான் நான் அடிபட்டனான், அதால நீட்டித்தான் எழுதுவன்.

நான் 2012 ஜனவரியில வந்தனான், பதினாறு வயசு. அப்பா அகதியா ஏற்கப்பட்ட பிறகு எங்களைக் கூப்பிட்டவர். வந்து ஒரு மாதத்துக்குள்ள ஸ்னோ கொட்டிச்சுது. எனக்கு இருந்தது கொழும்பில வாங்கின கன்வஸ் சப்பாத்து. இங்கிலீஷ் ஜிசிஎஸ்இ (எங்கடை ஓ லெவல் மாதிரி) மூண்டாந்தரம்தான் பாஸ். காலேஜில பீடெக் எண்ட தொழில் படிப்பு (டிகிரி இல்லை) முடிச்சு, ஒரு வருசம் அப்பாவோட பெற்றோல் ஸ்டேஷனில நைட் ஷிஃப்ட் நிண்டு, 2017 செப்டெம்பரில ஒரு கம்பனியில அப்ரென்டிஸா சேர்ந்தன். நாலு நாள் வேலை, வெள்ளிக்கிழமை கம்பஸ். டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் எண்டது 2015இலதான் தொடங்கினது, ஆனபடியால் எங்கடை சனத்துக்கு அது என்னெண்டே தெரியாது. ஈலிங் அம்மன் கோயில் தேரில ஒரு மாமி அம்மாவிட்டைக் கேட்டவ: "என்ன, பெடியனைக் கராஜில விட்டிட்டியளோ?" அவவின்ரை மகன் அந்த வருசம் 9,250 பவுண்ஸ் கட்டணத்தைக் கடனில எடுத்துப் படிக்கப் போனவன். நான் ஒரு பென்ஸும் கட்டேல்லை. குறைவா நினைப்பினமோ எண்டு கேட்டீங்களே, நினைப்பினம். நினைச்சிட்டுப் போகட்டும்.

முதல் கிழமை "ஸ்டாண்ட்-அப்" எண்டாங்கள். எழும்பி நிண்டன், கூட்டம் முடிஞ்ச பிறகும் நிண்டன். அதில ஒவ்வொருத்தரும் நேற்று என்ன செய்தனி, இண்டைக்கு என்ன, எங்க மாட்டுப்பட்டு நிக்கிறாய் எண்டு சொல்லவேணும். நான் மூண்டு நாள் ஒரே பிழையில மாட்டுப்பட்டுக்கொண்டு "எல்லாம் ஓகே" எண்டு சொன்னனான். கேட்டா மொக்கன் எண்டு நினைப்பாங்கள் எண்ட பயம். வகுப்பில கைதூக்கிக் கேள்வி கேட்டா வாத்தியாருக்கு மரியாதை இல்லை எண்டு வளர்ந்த பிள்ளையள் நாங்கள். இந்தப் பழக்கத்தை ஹீத்ரோவிலயே விட்டிட்டு வந்திருக்கவேணும்.

அதைவிடப் பெரிய வருத்தம் நன்றி. எங்களுக்கு ஒருத்தன் வேலை தந்தா அவனுக்குக் கடன்பட்டமாதிரி. ரெண்டாம் வருசம் ஒரு பெரிய ரிலீஸ், அதுதான் செய்த மென்பொருளை வெளிவிடுற நேரம், வந்துது. மனேஜர் நல்ல மனிசன், என்ரை பிறந்தநாளுக்குக் கேக் வாங்கினவர். "இந்த ஒரு வெள்ளி மட்டும் வரேலுமோ?" எண்டார். ஓமெண்டன். அடுத்த வெள்ளியும் ஓமெண்டன். பதினாலு வெள்ளி. அந்தக் காலத்தில விதி, வேலை நேரத்தில 20 வீதம் படிப்புக்கு. கிழமைக்கு 37.5 மணித்தியாலத்தில ஏழரை மணித்தியாலம். கணக்கைப் பாத்தவுடனயே எனக்குச் சனியன் பிடிக்கப்போகுது எண்டு விளங்கியிருக்கவேணும். அலுவலகத்தில இருந்து கோட் எழுதிப்போட்டு, பதிவுப் படிவத்தில "ஏழரை மணித்தியாலம் படிச்சன்" எண்டு நானே நிரப்பிக் கையெழுத்தும் வைச்சனான். ஒருத்தரும் வற்புறுத்தேல்லை. டேட்டாபேஸ் பாடம் பெயில். வேலையில முழு நாளும் டேட்டாபேஸோட மாரடிச்ச எனக்கு, சோதனையில நோர்மலைசேஷன், அதுதான் தரவுகளை அட்டவணை அட்டவணையா ஒழுங்காப் பிரிக்கிறது, வரேல்லை.

கம்பஸில எனக்குப் பொறுப்பா ஒரு ஸ்கொட்லாந்து மனிசி. பன்ரெண்டு கிழமைக்கு ஒருக்கா அவ, மனேஜர், நான், மூண்டு பேரும் இருந்து கதைக்கவேணும். என்ரை படிவத்தை விரிச்சு வைச்சு, ஒரு வெள்ளியில விரலை ஊண்டி, "இண்டைக்கு என்ன படிச்சனி?" எண்டா. நான் மேசையைப் பாத்தன். மனேஜரும் மேசையைப் பாத்தார். அவ சத்தம் போடேல்லை. "இது உங்கடை நாள் இல்லை" எண்டு அவருக்குச் சொன்னா, அவ்வளவுதான். அடுத்த கிழமையில இருந்து என்ரை கலண்டரில வெள்ளி பூட்டு.

அதுக்குப் பிறகுதான் காசு எங்க இருந்து வருது எண்டு தேடிப் பாத்தன். வருசச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்ஸுக்கு மேல போற கம்பனியளிட்டை 2017 ஏப்ரலில இருந்து அரை வீதம் வரியா எடுக்கினம். பெரிய கம்பனி எண்டா எங்களைப் படிப்பிக்கிறது அந்தக் காசில. அவையள் அதைப் பாவிக்காட்டி அது காலாவதியாகும். நான் பதினாலு வெள்ளி நன்றிக்கடன் கட்டினது ஆருக்கெண்டு இப்பவும் விளங்கேல்லை. 2022 ஆகஸ்டில அந்த 20 வீத விதி, சராசரியாக் கிழமைக்கு ஆறு மணித்தியாலமாவது எண்டு மாறினது, 2025 ஆகஸ்டில இருந்து தொடங்கிறவைக்கு ஒவ்வொரு அப்ரென்டிஸ்ஷிப்புக்கும் ஆகக்குறைஞ்ச மணித்தியாலம் தனித்தனியாப் போட்டிருக்கு, எப்பிடியெண்டாலும் அது சம்பள நேரத்திலதான். இன்டர்வியூ முடிவில "ஏதாவது கேள்வி இருக்கோ?" எண்டு கேக்கேக்கை, "ரிலீஸ் நேரத்தில என்ரை படிப்பு நாளுக்கு என்ன நடக்கும்?" எண்டு கேளுங்கோ. முகத்தைப் பாருங்கோ, பதிலைவிட முகம் சொல்லும்.

ஒப்பந்தத்தையும் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசியுங்கோ. இடையில விலகினா படிப்புச் செலவைத் திருப்பித் தரவேணுமெண்டு எழுதியிருந்தா கையெழுத்து வைக்காதேங்கோ, அப்ரென்டிஸிட்டை அந்தக் காசை அறவிடக் கூடாதெண்டுதான் விதி இருக்கு. வேலை போனா டிகிரியும் ஆட்டம் காணும், அதுதான் இதில உண்மையான ஆபத்து. ஆட்குறைப்பில வேலை போனா, முக்கால்வாசி முடிச்சவைக்கோ கடைசி ஆறு மாதத்தில நிக்கிறவைக்கோ படிப்பு முடியிற வரைக்கும் அரசாங்கம் காசு குடுக்கும். மற்றவைக்குப் பன்ரெண்டு கிழமை, அதுக்குள்ள வேற கம்பனி பிடிக்கவேணும். என்னோட சேர்ந்த ஒரு பெடியன் பதினோராம் கிழமையில பிடிச்சான். அந்த மூண்டு மாதத்தில அவனுக்குத் தலைமயிர் கொட்டினது எனக்குத் தெரியும்.

சில்லறை விசயம் ஒண்டு. கம்பஸ் கார்ட் இருக்கெண்டு, மற்ற மாணவர் மாதிரி எனக்கும் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கு உள்ளூராட்சி எடுக்கிற வரி) இல்லை எண்டு நினைச்சனான். பிறகு சேர்த்துப் பில் வந்துது. கிழமைக்கு 195 பவுண்ஸுக்குக் கூட உழைச்சா அப்ரென்டிஸுக்கு அந்தச் சலுகை இல்லை. கம்பஸ் பெடியள் மாதிரி நீட்டு லீவும் இல்லை. கூடப் படிச்சவங்கள் ஜூனில ஸ்பெயினுக்குப் போக, நான் சேர்வர் விழுந்தா எழும்புற ஆள். கவலையா? கொஞ்சம் இருந்தது. 2021இல முடிக்கேக்கை அவங்களுக்குக் கடன், எனக்கு நாலு வருச அனுபவம், கவலை தன்ரை பாட்டில போட்டுது.

பழையதுகளைக் கிளறி விட்டிட்டீங்கள். டேட்டாபேஸை ரெண்டாந்தரம் எழுதினனான், பாஸ், ஆனா ரெண்டாந்தரம் எண்டதால நாப்பதுக்கு மேல தரமாட்டினம். வெள்ளி பூட்டின பிறகு வந்த முதல் சனிக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு குடுக்க ஸ்டேஷனுக்குப் போனன். "நேற்று என்ன செய்தனி?" எண்டார். "லைப்ரரியில படிச்சனான்." "சம்பளம் வெட்டுவாங்களோ?" "இல்லையப்பா, சம்பளத்தோடதான்." நம்பேல்லை. சோத்துப் பெட்டியைத் திறக்காமல் திரும்பவும் அதையே கேட்டார். மூண்டாந்தரமும் கேட்டிட்டு, டீசல் அடிச்சுப்போட்டுக் காசு குடுக்க வந்த ஒரு போலந்துக்காரனிட்டை என்னைக் காட்டி, தனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷில சொல்லத் தொடங்கினார்: மை சன், ஃப்ரைடே, ரீடிங், தே பேயிங்.