கம்பெனி பக்கம் வாதாட விரும்பும் மகள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

லா ஸ்கூல் செலவு, வேலை வாய்ப்பு, சம்பளம் என்று நிறையக் கேட்டிருந்தீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் முதல் வரிதான் என்னை நிறுத்தியது. "இரண்டு முறை லேஆஃப் ஆனவன் நான். இரண்டாவது முறை ஒழுங்காகக் காரணம்கூடச் சொல்லவில்லை. என் பெண் அந்த மாதிரி கம்பெனிகளுக்காக வாதாடப் போகிறேன் என்கிறாள்." அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டுப் பணத்துக்கு வருகிறேன்.

காரணம் சொல்லாமல் அனுப்புவது மனிதரை நொறுக்கும். ஆனாலும் அமெரிக்காவில் அது பெரும்பாலும் சட்டப்படி சரிதான். மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில், தனி ஒப்பந்தமோ யூனியன் பாதுகாப்போ இல்லாத ஊழியரைக் காரணமே இல்லாமலும் வேலையை விட்டு அனுப்பலாம். 'அட்-வில்' என்கிறார்கள். சட்டம் தடுப்பது தவறான காரணங்களை மட்டும். இனம், நிறம், மதம், பாலினம், பூர்விக நாடு ஆகியவற்றுக்காக நீக்கினால் 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் குறுக்கே வரும். 40 வயதைத் தொட்டவரை வயதுக்காக நீக்கினால் 1967ஆம் ஆண்டுச் சட்டம், உடல் குறைபாட்டுக்காக என்றால் 1990ஆம் ஆண்டுச் சட்டம். இவற்றின் கீழ் புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால் அதுவும் தனிக் குற்றச்சாட்டு. ஆக, பாகுபாட்டு வழக்கு என்று வந்துவிட்டால் கேள்வி ஒன்றுதான்: உண்மையில் ஏன் அனுப்பினார்கள்?

அந்தக் கேள்வியைக் கம்பெனியிடம் முதலில் கேட்கிறவர் நீதிபதி அல்ல, கம்பெனியின் வக்கீல். இதுதான் உங்கள் மகளின் வேலையாக இருக்கும்.

ஒரு ஃபைலைக் கற்பனை செய்து பாருங்கள். நீக்கப்பட்ட ஊழியர் இ.இ.ஓ.சி. என்ற சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். அதற்கு 180 நாள் கெடு. மாநில அளவிலும் அப்படி ஓர் அமைப்பு இருந்தால் 300 நாள். பதில் எழுத வேண்டிய ஃபைல் ஒரு ஜூனியர் வக்கீலின் மேசைக்கு வருகிறது. மூன்று வருட மதிப்பீட்டு அறிக்கைகள், மூன்றிலும் 'எதிர்பார்ப்புக்கு மேல்'. ஏப்ரல் 3ஆம் தேதி அந்த ஊழியர் சூப்பர்வைசர் மீது எச்.ஆரில் பாகுபாட்டுப் புகார் கொடுக்கிறார். ஏப்ரல் 20ஆம் தேதி முதல் எச்சரிக்கைக் கடிதம். மே கடைசியில் வேலை இல்லை. "அவரை வேலையை விட்டு அனுப்புவதாக ஜனவரியிலேயே முடிவு செய்திருந்தோம்" என்கிறார் சூப்பர்வைசர். சரி, ஜனவரியில் எழுதிய ஒரு மின்னஞ்சல், ஒரு குறிப்பு? எதுவும் இல்லை.

1973இல் மெக்டொனல் டக்ளஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறை இங்கேதான் உயிர் பெறுகிறது. பாகுபாடு நடந்திருக்கலாம் என்று நம்ப அடிப்படை இருப்பதை ஊழியர் காட்ட வேண்டும். பிறகு நியாயமான ஒரு காரணத்தைக் கம்பெனி சொல்ல வேண்டும். அந்தக் காரணம் வெறும் சாக்கு என்று காட்டும் வாய்ப்பு மறுபடி ஊழியருக்கு. பழிவாங்கல் வழக்கிலும் பெரும்பாலும் இதே படிகள்தான். நம் ஃபைலில் கம்பெனி சொல்லும் காரணம் மூன்றாவது படியில் உதிர்ந்துவிடும். அதை ஜூனியர் தன் சீனியரிடம் சொல்ல வேண்டும், சீனியர் கட்சிக்காரருக்கு போன் போட்டு, "இது நிற்காது, செட்டில் செய்யுங்கள்" என்று சொல்ல வேண்டும். பணம் கொடுக்கிற கட்சிக்காரருக்கு அதைக் கேட்கப் பிடிக்காது. அந்த போனைத் தள்ளிப்போடுகிறவர் இந்தத் துறையில் நல்ல வக்கீலாக மாட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

கோர்ட்டுக்குப் போகாத வேலை இன்னும் அதிகம். 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டப்படி, ஓவர்டைம் விதியிலிருந்து விலக்கு இல்லாத ஊழியர் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு ஊதியம். இதைத் தவிர்க்க, சாதாரண வேலை செய்கிறவர்களுக்கு 'அசிஸ்டன்ட் மேனேஜர்' என்று பெயர் சூட்டிவிடும் நிறுவனங்கள் உண்டு. பட்டம் வைத்தால் போதாது, செய்கிற வேலையும் சம்பளமும் விலக்குக்குப் பொருந்த வேண்டும் என்று எடுத்துச் சொல்லி, நிலுவையைக் கொடுக்க வைப்பதும் கம்பெனி வக்கீல்தான். மறுத்தால் இரண்டு வருட நிலுவை, தெரிந்தே செய்திருந்தால் மூன்று வருடம், அதற்குச் சமமான தொகை இன்னொரு பங்கு, போதாததற்கு எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணமும் தலையில் விழும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் முதலாளி கேட்பார். அறநெறி பேசியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். இப்படி ஓவர்டைம் கிடைக்கும் தொழிலாளிக்கு அந்த வக்கீல் யாரென்றே தெரியாது.

இவ்வளவு சொன்னதால் எல்லாம் நல்லதாகவே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்கப்பட்டவரை எதிரில் உட்கார வைத்து, டெபாசிஷனில், அதாவது கோர்ட்டுக்கு வெளியே சத்தியத்தின் பேரில் எடுக்கும் வாக்குமூலத்தில், ஏழு மணி நேரம் கேள்வி கேட்க வேண்டிவரும். அவர் அழுவார். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். விசாரணைக்காக ஊழியர்களிடம் பேசும்போது, "நான் கம்பெனியின் வக்கீல், உங்கள் வக்கீல் அல்ல" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 1981ஆம் ஆண்டு அப்ஜான் தீர்ப்பிலிருந்து வந்த வழக்கம் இது. அந்த வாக்கியத்தைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறும். அதைப் பார்த்தும் மரியாதை குறையாமல் பேச உங்கள் மகளால் முடியுமா என்று அவளே யோசிக்கட்டும்.

இன்னொன்று. 'எம்ப்ளாய்மென்ட்' சட்டம், 'லேபர்' சட்டம் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது தனி ஊழியரின் வழக்கு, இரண்டாவது யூனியன் விவகாரம். 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் தொழிலாளர்களுக்குச் சேர்ந்து நிற்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. யூனியன் வராமல் தடுக்க நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வதும் நிர்வாகத் தரப்பு வக்கீல் அலுவலகங்கள் பலவற்றின் தொழிலில் ஒரு பகுதி. சட்ட வரம்புக்குள் அதைச் செய்யலாம். ஆனால் எனக்கு அது உறுத்தும், உங்களுக்கும் உறுத்தும் என்று நினைக்கிறேன். லிட்லர், ஜாக்சன் லூயிஸ், ஓகிள்ட்ரீ போன்ற, இந்தத் துறைக்கென்றே இருக்கும் பெரிய அலுவலகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, எந்தக் குழுவில் போடுவார்கள், எந்த மாதிரி வேலை கையில் வரும் என்று இன்டர்வியூவிலேயே அவள் கேட்கலாம். அப்படிக் கேட்பதில் தவறே இல்லை.

அப்புறம் பணம். எந்தப் பாடத்திலும் இளங்கலை முடித்து, எல்சாட் போன்ற நுழைவுத் தேர்வு எழுதி, ஜே.டி. என்ற மூன்று வருடச் சட்டப் பட்டம் படித்து, வக்கீல் உரிமத்துக்கான மாநில பார் தேர்வில் தேற வேண்டும். தனியார் லா ஸ்கூலின் மூன்று வருடச் செலவு எளிதாக 2 லட்சம் டாலரைத் தாண்டும். 2026 ஜூலை 1 முதல் கடன் விதிகளும் மாறுகின்றன. சட்டப் படிப்பில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர், அவ்வளவுதான். மீதிக்குத் தனியார் கடன் வாங்கினால் வட்டி விகிதமும் நிபந்தனைகளும் வேறு. அதனால் பெரிய பெயரை மட்டும் பார்க்காமல், ஸ்காலர்ஷிப் தரும் ஸ்கூலையும் கணக்கில் எடுங்கள். அமெரிக்க பார் அசோசியேஷனின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு ஸ்கூலும் '509 அறிக்கை' என்று ஒன்றை வெளியிட வேண்டும். மதிப்பெண் குறைந்தால் பறிபோகும் ஸ்காலர்ஷிப் தருகிறார்களா, எத்தனை பேருக்கு அது பறிபோனது என்று அதில் இருக்கும். படித்து முடித்துப் பத்து மாதத்தில் எத்தனை பேருக்கு என்ன வேலை கிடைத்தது என்பதையும் தனியாக வெளியிடுகிறார்கள். சேரும் முன் இரண்டையும் அவளோடு உட்கார்ந்து படியுங்கள்.

வேலை கிடைத்த பிறகு, நேரம்தான் நாணயம். கம்பெனி தரப்பில் பெரும்பாலும் மணிக்கணக்கில் பில் போடுவார்கள், அதையும் ஆறு ஆறு நிமிடமாக எழுதி வைக்க வேண்டும். வருடத்துக்கு 1,800, 1,900 மணி நேரம் பில் போட வேண்டும் என்பது பெரிய அலுவலகங்களில் சாதாரணம். அந்த அளவு பில் போட, அதைவிட நிறைய நேரம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். பல வழக்குகளில் பில்லைக் கட்டுவது, இப்படிப்பட்ட வழக்குகளுக்காக நிறுவனம் பாலிசி எடுத்து வைத்திருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி என்பதால் மணிக்கட்டணத்தையும் அவர்கள் இறுக்கிப் பிடிப்பார்கள். பெரிய கார்ப்பரேட் சட்ட அலுவலகங்களின் சம்பளத்தை மனதில் வைத்துக் கடன் வாங்க வேண்டாம்.

இந்தக் கதவு ஒருவழிக் கதவும் அல்ல. சில வருடம் கம்பெனி தரப்பில் இருந்துவிட்டு ஊழியர் தரப்புக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், இ.இ.ஓ.சி.க்கும் தொழிலாளர் துறைக்கும் போனவர்களும் இருக்கிறார்கள். நிறுவனத்துக்குள்ளேயே சட்ட ஆலோசகராக உட்காருகிறவர்கள் இன்னும் அதிகம். லா ஸ்கூலில் ஊழியர்களுக்காக வாதாடும் கிளினிக் (மாணவர்கள் நிஜ வழக்குகளில் பயிற்சி பெறும் பிரிவு) இருந்தால் ஒரு செமஸ்டர் அவள் அதில் சேரட்டும். எதிர்த்தரப்பின் ஃபைல் எப்படி உருவாகிறது என்று தெரிந்த கம்பெனி வக்கீலுக்கு மதிப்பு தனி.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டாவது லேஆஃப் நடந்தபோது உங்களுக்கு 46 வயது என்றும், பல பேரைச் சேர்த்து அனுப்பினார்கள் என்றும், பணம் வாங்கிக்கொண்டு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவர் இன்னும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 40 வயதைத் தொட்டவர்களைக் கூட்டமாக அனுப்பும்போது, வயதுப் பாகுபாட்டு வழக்கு உரிமையை விட்டுக்கொடுக்கச் சொன்னால், யோசிக்க 45 நாள் தர வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாற 7 நாள் தர வேண்டும். யார் யாரை அனுப்பினார்கள், யாரை வைத்துக்கொண்டார்கள் என்று பதவியும் வயதும் போட்ட ஒரு பட்டியலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் இது. அந்தப் பட்டியலைக் கவரில் வைக்கச் சொல்கிறவர் பெரும்பாலும் கம்பெனியின் வக்கீல்தான்.

உங்கள் கவரில் அது இருக்கிறதா என்று மகளையே தேடச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். படித்து முடித்ததும் உங்களிடம் அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்து எதைச் செய்யலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.