வீதியைக் காப்பாற்றக் கிளம்பும் முன் மாடியில் ஏறிப் பாருங்கள்

கேள்வி: புதுச்சேரி தமிழ்ப் பகுதியில் குடியிருக்கிறோம். எங்கள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமும் உள்ள பழைய வீடுகள் ஒன்பது மிச்சமிருக்கின்றன. பொங்கல் முடிந்ததும் ஒன்றை இடித்துவிட்டார்கள். அங்கே அடுக்குமாடி வரப்போவதாகப் பேச்சு. நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஏதாவது செய்ய நினைக்கிறோம். சங்கம் பதிவு செய்வதா, மனு கொடுப்பதா, கோர்ட்டுக்குப் போவதா? பிரான்சில் இருக்கும் உறவினர்கள் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றுமே ஒருநாள் தேவைப்படலாம். ஆனால் இந்த மாத வேலை அவற்றில் எதுவும் இல்லை. பழைய வீட்டை இடிப்பவர்களுக்கு அருமை தெரியவில்லை என்ற கோபத்தில் தொடங்கும் குழுக்கள் நாலு கூட்டம் போட்டதும் ஓய்ந்துவிடுகின்றன. இடிப்பவருக்கு அருமை நன்றாகவே தெரியும், அவர் பிறந்த வீடுதானே அது. மாடி ஒழுகுகிறது, பங்காளிகள் ஒத்துவரவில்லை, வாடகை பெயின்ட் அடிக்கக்கூடக் காணாது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைக் குறைக்க உங்களால் முடிந்தால்தான் அவர் உங்களோடு உட்கார்ந்து பேசுவார்.

அதனால் முதல் வேலை ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒன்பது வீட்டுக்கும் போவது. வீட்டுக்கு ஒரு பக்கம். யார் பெயரில் பத்திரம், எத்தனை பங்கு, யார் எங்கே இருக்கிறார், குடியிருப்பது சொந்தக்காரரா வாடகைதாரரா, பாகப்பிரிவினை வழக்கு ஏதும் நடக்கிறதா என்று எழுதுங்கள். கூடவே வீதியின் இரண்டு பக்கத்தையும், வாகனம் இல்லாத அதிகாலையில், வீடு வீடாக நேருக்கு நேர் படம் எடுங்கள். பழைய முகப்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா? கல்யாண ஆல்பத்தைக் கேளுங்கள். மாப்பிள்ளை அழைப்புப் படத்தில் பின்னால் தெரியும் தூண், கைப்பிடிச் சுவர், தாழ்வார ஓடு எல்லாம் பிறகு வேலை செய்யும் கொத்தனாருக்கு அளவு சொல்லும்.

அடுத்தது மாடி. இங்குள்ள பழைய வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் தளம்தான். மர உத்திரக் கட்டைகளின் மேல் செங்கல்லை மூலைவாட்டில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் கட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியில் தட்டை ஓடு பதித்திருப்பார்கள். இதில் முதலில் கெடுவது கட்டையின் நடுப்பகுதி இல்லை, சுவருக்குள் போகும் முனை. மாடியில் மழைத்தண்ணீர்த் தூம்பு அடைத்து நின்றால் தண்ணீர் சுவர் ஓரமாக இறங்கி நேரே அந்த முனைக்குத்தான் போகும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் கட்டை முனையைக் குத்திப் பாருங்கள். விரலளவு உள்ளே இறங்கினால் ஆசாரியைக் கூப்பிட வேண்டிய நேரம். ஒழுக்கை நிறுத்த மேலே சிமென்ட் தளம் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாரம் கூடும், ஈரம் உள்ளேயே நிற்கும், கட்டை இன்னும் வேகமாக உளுக்கும்.

சுவருக்கும் இதே கதைதான். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறுகிறது. இடுப்பு உயரத்தில் இருந்த பூச்சுப் பெயர்ச்சி சிமென்ட் பூசிய சில வருடங்களில் தலை உயரத்துக்குப் போன வீடுகளை உங்கள் பகுதியிலேயே காட்டலாம். அங்கே கைவைத்துப் பார்த்தால் உப்புப் பொடி ஒட்டிக்கொள்ளும். மறுபடி சுண்ணாம்புதான் பூச வேண்டும். கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்த்துக் கலவை போடத் தெரிந்த கொத்தனார்கள் புதுச்சேரியிலும் செட்டிநாட்டுப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்காரர் தனியாக அழைத்தால் கூலி கட்டாது. ஒன்பது வீட்டு மாடியையும் புரட்டாசிக்குள் ஒரே ஆளிடம் ஒப்படைத்தால் வருவார். தூம்பைச் சுத்தம் செய்வதும், சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்து ஓட்டையைச் சுண்ணாம்பால் அடைப்பதும் பெரிய செலவில்லை. உங்கள் குழுவின் முதல் சாதனை இதுவாக இருக்கட்டும். பத்திரிகையில் வராது, பரவாயில்லை.

கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், அரசுக்குச் சொந்தமானது, பாரம்பரியக் கட்டடம் என்று ஊருக்கே தெரிந்தது, விற்க யாரும் நினைக்காதது. 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தது. மறுபடி கட்டித் திறக்க 2021 ஆனது. அந்த அதிர்ச்சியில்தான் நகர மக்கள் பலர் 'பீப்பிள் ஃபார் பாண்டிச்சேரி ஹெரிடேஜ்' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். ஏற்கெனவே இங்கே பல வருடமாக வேலை செய்துவந்த இன்டாக் (பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு), பாண்டிகேன் (குடிமக்கள் அமைப்பு) ஆகியவற்றோடு சேர்ந்து பாரம்பரிய விழா நடத்தினார்கள். பாரம்பரியக் கட்டடம் என்ற பெயர் கூரையைத் தாங்காது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

தனி வீட்டுக்காரரால் முடியாத, வீதியாகச் சேர்ந்தால் மட்டும் முடிகிற காரியம் ஒன்று உண்டு: ரோடு. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயர்கிறது, திண்ணை தாழ்கிறது, ஒருநாள் மழைத்தண்ணீர் ரேழிக்குள் வருகிறது. அடுத்த முறை பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று நகராட்சிக்கு எல்லாரும் கையெழுத்திட்டு இப்போதே எழுதிக் கொடுங்கள். அதே கடிதத்தில் தாழ்வாரம், திண்ணைகளின் படத்தையும் இணையுங்கள். ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் ஜேசிபி முன்னால் நின்று வாதாடுவதைவிட, அவை எவ்வளவு காலமாக அங்கே இருக்கின்றன என்ற ஆதாரம் முன்பே அலுவலகக் கோப்பில் இருப்பது நல்லது.

உங்கள் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. வைசியாள் வீதிக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஷியா அர்ப்ஸ் திட்டத்தில், 2002 முதல் நகராட்சியும் இன்டாக்கும், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்னவ் சுர் லோ நகரங்களும் சேர்ந்து அங்கே வேலை செய்தன. ஒரு மாளிகையைத் தேர்ந்தெடுத்து மினுக்காமல் ஒரு வீதி நீளத்துக்கு முகப்புகளைச் சீரமைத்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது அதற்குக் கிடைத்தது. அங்கே கவனிக்க வேண்டியது விருதுப் பலகை அல்ல. கீழே தமிழ் வீட்டுத் திண்ணையும் மரத்தூணும், மேலே பிரெஞ்சுப் பாணி வளைவு ஜன்னலும் சுண்ணாம்புத் தூணுமாக வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைப் பாருங்கள். நடுவில் ஒன்று போனாலும் தாழ்வார நிழல் அறுந்துவிடும்.

இனி பணம். பிரான்ஸ் உறவினர்கள் விஷயத்தில் அவசரம் வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சங்கத்துக்குக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால், அவர் இங்கேயே பிறந்தவராக இருந்தாலும், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்குப் பொதுவாகச் சங்கம் 3 வருடம் இயங்கி, தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். ஆகவே இப்போதைக்குச் சங்கத்தின் கணக்கில் அந்தப் பணம் வரவே வேண்டாம். வீட்டில் பங்கு உள்ளவர் தன் வீட்டைப் பழுதுபார்க்கப் பணம் அனுப்புவது நன்கொடை இல்லை. அது அவர் சொத்துச் செலவு. கொத்தனாரைப் பிடித்துக் கொடுத்து, பில்லை வாங்கி அனுப்பி, வேலையை வீடியோ காலில் காட்டுவதுதான் உங்கள் குழுவின் பங்கு. வெளிநாட்டுப் பங்காளிக்கு இந்த நம்பிக்கை இல்லாததுதான் பெரிய குறை.

பங்குகள் நிறைய உள்ள வீட்டில், மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டு ஒருவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வைப்பதே வீட்டைக் காப்பாற்றும் மிக நிச்சயமான வழி. பிரெஞ்சு சிவில் சட்டப்படி வாரிசுரிமை போகும் குடும்பங்களும் உங்கள் பகுதியில் இருக்கும். அந்த விவகாரம் தெரிந்த வக்கீலிடம் போங்கள். விருந்தினர் விடுதிக்குக் குத்தகை விடுவதும் ஒரு வழிதான், ஆனால் ஒன்பதில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பேன். வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியில், என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும்: சுவர் பளபளக்கிறது, காலையில் வாசலில் கோலம் போட ஆள் இல்லை.

சங்கப் பதிவுக்கு 7 பேர் போதும். விதிகளில் வாடகைதாரருக்கும் உறுப்பினர் இடம் வையுங்கள், பெரும்பாலும் மாடி ஒழுகுவதை முதலில் சொல்வது அவர்தான்.

கோர்ட் பற்றி. சென்னையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிப்பதை எதிர்த்து இன்டாக் வழக்குப் போட்டு, 2010-இல் உயர் நீதிமன்றத்தில் வென்றது. இடிப்பு நின்றது, கட்டடமோ பாழடைந்தபடியே பல வருடம் கிடந்தது. கடப்பாரை வாசலுக்கு வந்துவிட்ட நாளுக்கு மட்டும் வழக்கை வைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டருக்குள் கட்டக் கூடாது என்ற மத்திய சட்டம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சுற்றி மட்டும்தான். உங்கள் வீதிக்கு அது உதவாது. இப்போது பயன்படுவது தகவல் உரிமை மனு. இடித்த வீட்டுக்கு இடிப்பு அனுமதி பெறப்பட்டதா, அது பாரம்பரியப் பட்டியலில் இருந்ததா, மற்ற ஒன்பதில் எவை பட்டியலில் உள்ளன என்று திட்டக் குழுமத்திடம் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

இடித்த வீடு பட்டியலில் இல்லை, இப்போது அது காலி மனைதான் என்று பதில் வந்தாலும் அதை விட்டுவிடாதீர்கள். பிளான் அனுமதிக்குப் போகும் முன்பே கட்டுபவரின் இன்ஜினியரைப் பாருங்கள். மாடியைக் குறைக்கச் சொன்னால் கதவைச் சாத்துவார். முகப்பு, பக்கத்து வீட்டின் கோட்டிலேயே வரட்டும், மேல்மாடிகள் சில அடி உள்ளே தள்ளிப் போகட்டும், கீழே கார் நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு தாழ்வாரம் இருக்கட்டும் என்று கேளுங்கள். நோட்டில் எடுத்து வைத்த வீதிப் படங்களை அவர் மேஜையில் விரித்துவைத்துப் பேசுங்கள். இடித்த வீட்டின் தேக்குத் தூண்களையும் கதவையும் மரக்கடைக்கு அனுப்பிவிட்டாரா என்பதையும் அப்போதே விசாரியுங்கள். இன்னும் மனையில் கிடந்தால், மற்ற ஒன்பது வீட்டில் எதற்காவது அளவு பொருந்தும்.