மாஸ்டர் சிலிண்டர் புதுசு, பைப் நட் பழசு: மரை சேருமா?

தேவகோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: ஐயா காலத்து அம்பாசிடர் ஷெட்டில் பல வருஷமாக நிற்கிறது, வைகாசியில் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுக்கலாமென்று பிரேக் பெடலை மிதித்ததும் ஆயிலைப் பைப்புக்குள் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைப் புதுசாக மாட்டினோம், பழைய பிரேக் பைப் நட் மூன்று சுற்று லூசாகப் போய்ப் பிடித்துக்கொள்கிறது, ஆயிலும் கசிகிறது, டெஃப்லான் டேப் சுற்றினால் நின்றுவிடும் என்கிறார் மெக்கானிக், சுற்றலாமா?

சுற்றாதீர்கள். பிரேக் பைப்பில் ஆயிலை நிறுத்துவது மரை இல்லை. பைப் நுனியில் விரித்த ஃப்ளேர் துளைக்குள்ளே இருக்கும் சீட்டில், அதாவது அதைத் தாங்கும் பரப்பில், அழுந்தி உட்காருவதுதான் சீல், நட்டுக்கு அதை அழுத்திப் பிடிக்கிற வேலை மட்டுமே. டேப் எதையும் அடைக்காது, அதன் துணுக்கு உள்ளே போனால் வேறு தொல்லை.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் காரிலிருந்து வந்த வண்டி என்பதால் பழைய நட் பெரும்பாலும் இன்ச் மரையாக இருக்கும், அதாவது 3/8 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் புது சிலிண்டரின் துளை எம்10, அதாவது 10 மி.மீ. மரை, 1 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்) என்றே படுகிறது. 3/8 என்பது 9.5 மி.மீ., பிட்ச் 1.06. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால்தான் ஆபத்து, ஏனென்றால் சின்ன நட் பெரிய துளையில் நுழைந்துவிடும், முறுக்கி இறுக்கினால் பிடித்தது போலவும் இருக்கும், ஆனால் அவசரத்தில் பெடலை ஓங்கி மிதிக்கிற அன்றைக்கு மரை பிய்த்துக்கொண்டு வரலாம். வெர்னியரும் பிட்ச் கேஜும் வைத்து அளந்துவிடுங்கள்.

மரை சரியாகிவிட்டால் போதாது, டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். நடுவில் கூம்பு மேலே எழும்பியிருந்தால் விளிம்பை உள்ளே மடித்த டபுள் ஃப்ளேர் வேண்டும். குழிந்திருந்தால் குமிழ் போன்ற பபுள் ஃப்ளேர். ஒன்றுக்கு மற்றதை வைத்து எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

நல்ல விஷயம், பைப் இரண்டுக்கும் ஒன்றுதான், 3/16 இன்ச், அதாவது 4.75 மி.மீ. அதனால் சிலிண்டர் பக்கம் எம்10 நட்டும் அதற்கேற்ற ஃப்ளேரும், மறுமுனையில் பழைய இன்ச் நட்டுமாக ஒரே பைப்பை அடித்துக்கொள்ளலாம். சிலிண்டரைக் கையோடு கொண்டுபோய், புது நட்டை விரலால் கடைசி வரை சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். லேத்தில் அடாப்டர் கடையச் சொல்லாதீர்கள், ஏசி வேலைக்கு விற்கிற வெறும் செம்புப் பைப்பும் வேண்டாம், ஸ்டீல் அல்லது செம்பு-நிக்கல் பைப்பே போடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இத்தனை வருஷம் நின்ற வண்டியில் பைப் உள்ளே துருப்பிடித்திருக்கலாம், எனவே நான் என்றால் எல்லா லைனையும், ரப்பர் ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிடுவேன்.

பேன்ஜோ போல்ட் (உள்ளே ஆயில் ஓடத் துளை உள்ள போல்ட்) இருந்தால் செம்பு வாஷர் கட்டாயம் புதுசு. அப்புறம் பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுத்துவிட்டு, ஒருவர் பெடலை ஒரு நிமிஷம் பலமாக மிதித்தே பிடித்திருக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்க்கட்டும். ஈரம் தெரிந்தாலோ பெடல் மெல்லக் கீழே இறங்கினாலோ வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.