மூழ்குன கப்பலைப் பார்க்க நீச்சல் வீரரா இருக்கணுமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பாலி போறோம். துலாம்பென்ல கடலுக்கடியில ஒரு கப்பல் கிடக்கு, டைவிங் தெரியாதவங்களும் பார்க்கலாம்னு சொல்றாங்க. எனக்கு நீச்சல் சுமார்தான். நிஜமாவே முடியுமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: முடியும்ங்க, ஆனா முழுக் கப்பலும் கிடையாது. அதுக்குப் பேரு லிபர்ட்டி. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கா வரிசையா கட்டித் தள்ளுச்சே லிபர்ட்டி கப்பல்கள், அந்த வகைன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, இது 1918லயே கட்டுன சரக்குக் கப்பல். 1942 ஜனவரில லொம்போக் ஜலசந்தி பக்கம் ஜப்பான் நீர்மூழ்கி டார்பிடோ அடிச்சுடுச்சு, சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துட்டுப் போயிடலாம்னு பார்த்திருக்காங்க, ஆனா உள்ள தண்ணி ஏறிக்கிட்டே இருந்ததால துலாம்பென் கரையிலயே தட்ட விட்டுட்டாங்க. இருபது வருஷத்துக்கு மேல கரையிலதான் கிடந்துச்சு. 1963ல அகுங் எரிமலை வெடிச்சப்போ நிலம் ஆடுன ஆட்டத்துல சரிஞ்சு கடலுக்குள்ள போயிடுச்சு. எரிமலை புண்ணியத்துல நமக்குப் படகுகூட வேணாம், கரையிலேர்ந்து கொஞ்ச தூரம் போனாலே கப்பல்.

மேல்பக்கம் சுமார் 5 மீட்டர் ஆழத்துலயே வந்துடும், அடிப்பக்கம் 30 மீட்டர் கிட்ட. சர்டிஃபிகேட் இல்லாம இன்ஸ்ட்ரக்டர் கூடப் போற அறிமுக டைவ்ல 12 மீட்டர் வரைக்கும்தான் கூட்டிட்டுப் போவாங்க, ஓப்பன் வாட்டர்ங்கற முதல் நிலை சர்டிஃபிகேட் கோர்ஸ் முடிச்சா 18 மீட்டர். வெளிச்சம், பவளம், மீன் கூட்டம் எல்லாம் மேல்பகுதியிலயே நல்லாத் தெரியும், அதனால ஏமாற மாட்டீங்க. அறிமுக டைவுக்கு நீச்சல் டெஸ்ட் வைக்கறதில்ல, அந்த ஓப்பன் வாட்டர் கோர்ஸுன்னா 200 மீட்டர் நீந்தணும், 10 நிமிஷம் மிதக்கணும். ஆஸ்துமா, இதயப் பிரச்னை இருந்தா மெடிக்கல் ஃபார்ம்ல மறைக்காம எழுதுங்க, டாக்டர் ஓகே சொன்னாதான் தண்ணிக்குள்ள.

கேள்வி: கப்பலுக்கு உள்ள நுழைஞ்சு பார்க்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வேணாம். தலைக்கு மேல இரும்பு இருந்தா, பயம் வந்ததும் நேரா மேல வர வழியே கிடையாது. அதுக்குத் தனி ட்ரெய்னிங் இருக்கு. கைடு "நோ ப்ராப்ளம்"னு கூப்பிட்டாலும் தலையாட்டிடாதீங்க. கப்பல் ஏற்கெனவே உடைஞ்சு திறந்துதான் கிடக்கு, வெளியிலேர்ந்தே உள்பக்கம் தெரியும். எதையும் பிடிக்கவும் வேணாம், துரு கிழிக்கும், போதாததுக்கு லயன் ஃபிஷ் முள்ளுல விஷம் வேற.

கேள்வி: ஆழம் கம்மின்னா காது வலிக்காது இல்லையா? (வாசகர், மதுரை)

பதில்: அப்படி நினைச்சுடாதீங்க. தரையில இருக்கற அழுத்தம் 10 மீட்டர்லயே ரெண்டு மடங்கு ஆயிடும், காதுக்கு அதிக வேலை முதல் சில மீட்டர்லதான். வலிக்கறதுக்கு முன்னாடியே மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதிக்கிட்டே இறங்குங்க, அடைப்பு விடலைன்னா கொஞ்சம் மேல வாங்க, முக்கி ஊதாதீங்க. சளி இருந்தா அன்னைக்கு டைவே வேணாம், பணம் போனாலும் பரவாயில்ல. மேல வர்றப்போ மூச்சை மட்டும் அடக்கவே கூடாது, நுரையீரல்ல இருக்கற காத்து விரிஞ்சு கிழிச்சுடும், ஆழம் கம்மியான இடத்துலகூட இது நடக்கும்.

கேள்வி: எப்போ போறது நல்லது? (வாசகி, சென்னை)

பதில்: முந்தின நாள் ராத்திரியே துலாம்பென்ல தங்கிடுங்க, விடிஞ்சதும் இறங்குங்க. தெற்குப் பக்கத்துலேர்ந்து டூரிஸ்ட் வண்டிங்க வந்து சேர்ந்துட்டா கப்பலைவிட டைவர்ங்க கால்ல மாட்டற ஃபின்தான் (நீச்சல் துடுப்பு) அதிகமாத் தெரியும். நெத்தி புடைச்ச பெரிய கிளி மீன் கூட்டம் கப்பல்ல தூங்கிட்டு விடியற நேரத்துல கிளம்பும், அதைப் பார்க்கவே சீக்கிரம் எழுந்திருக்கலாம். டைவிங் காத்து டேங்கை ஊர்ப் பெண்கள் தலையில வச்சு அசால்ட்டா தூக்கிட்டு வந்துடுவாங்க, நமக்குத்தான் கரையில உருளற கறுப்புக் கல்லுல கால் வைக்கவே திண்டாட்டம், நல்ல பூட்டீஸ் (டைவிங் ஷூ) வாங்கிப் போட்டுக்கங்க.

திரும்பற பிளேனையும் கணக்குல வைங்க. டைவ்ல உடம்புல சேர்ற நைட்ரஜன் வெளியேறறதுக்குள்ள உயரத்துக்குப் போனா ஆபத்து, அதனால ரெண்டு மூணு டைவ் போட்டா பிளேன் ஏற 18 மணி நேரமாவது விடணும். டைவ் முடிச்ச கையோட கிந்தாமணி மலைக்கு வண்டி ஏறுறதும் தப்பு, அது ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், கடற்கரை ரோட்டுலயே திரும்புங்க.